சிவந்த கையாள்

ஆயிரம் தடவை விடிய வைத்திருப்பேன்.
ஒரு தடவையும் பார்த்ததில்லை.

பாட்டுக்காரனுக்கு மூன்றாம் சாமம்வரை வேலை.
விருந்து முடிந்து, நாய்கள் எலும்போடு ஒதுங்கிய பிறகு
யாழை உறையிலிட்டுப் படுத்தால்
விழிக்கும்போது வெயில் முதுகில் ஏறியிருக்கும்.

ஆனாலும் பாட்டில் தவறியதில்லை.
படை கிளம்ப ஒன்று, பிணம் எரிக்க ஒன்று,
நங்கூரம் தூக்க ஒன்று, எல்லாம் ஒன்றே:
"கடலின் கதவுத் தாழ் நீக்கினாள் சிவந்த கையாள்."
ஆறு சீர். இழைத்த பலகைபோல் உட்காரும்.
வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்க
மனம் முன்னே ஓடி
அடுத்து யார் சாகவேண்டும் என்று பார்த்துவரும்.

மிலேத்தோஸ் துறையில், காற்று மாறியதென்று
கப்பல்காரன் ஸ்கமோன் இருட்டில் உதைத்து எழுப்பினான்.
பிறகு காற்று விழுந்தது. அவன் தூங்கப் போனான்.
என் தூக்கம் போனது போனதுதான்.

கரையோரம் சாயப்பட்டறை.
மஞ்சிட்டிக் கொப்பரைக்கடியில் நெருப்பு.
கம்பளி நூலைக் கோலால் புரட்டிக்கொண்டிருந்தவள்
பெயர் மிர்த்தாலே என்று பிறகு சொன்னாள்.
முதலில் சொன்னது:
"சும்மாதானே நிற்கிறாய், இந்த முனையைப் பிடி."

அவள் ஒரு பக்கம் முறுக்க, நான் மறுபக்கம்.

கிழக்கே கையும் இல்லை, கதவும் இல்லை.
முதலில் ஒரு சாம்பல், மத்தி மீனின் வயிறுபோல.
அப்புறம், எங்கிருந்து என்று சொல்ல முடியாதபடி,
கொப்பரையின் விளிம்பு தெரிந்தது.
கயிறு தெரிந்தது.
அவள் வாயில் ஒரு பல் இல்லாதது தெரிந்தது.
ஒவ்வொன்றாக, கூப்பிட்டதுபோல்,
பொருள்கள் வந்து நின்றன.

என் வரியைப் பாடிக் காட்டினேன், பெருமையாகத்தான்.
கேட்டாள்: "விருந்து நாளுக்கும் இதேதானா?"
ஆம்.
"சண்டை நாளுக்கும்?"
ஆம். அளவு அப்படி.

நூலை உதறினாள். என் காலில் சிவப்புத் துளிகள்.
"லெஸ்போஸுக்கு முன்னால் என் மகன் மூழ்கிய அன்றும்
நன்றாகத்தான் விடிந்தது.
நூல் ஒரே பகலில் காய்ந்தது."

வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த சிட்டத்தை எடுத்தாள்.

நான்கு இரவு கழித்து, சாமோஸில்.
நகக்கண்ணில் மஞ்சிட்டி இன்னும் போகவில்லை.
கதையில் பொழுது விடிய வேண்டிய இடம் வந்தது.
அதே ஆறு சீர். வேறெதுவும் பொருந்தவில்லை,
கப்பலில் முழுக்க முயன்று பார்த்திருந்தேன்.
ஆனால் மனம் முன்னே ஓடவில்லை.
வரியிலேயே நின்றுவிட்டது,
ஒரு முனையைப் பிடித்தபடி.

அடுத்த வரி வரத் தாமதமானது.
யாரும் கவனிக்கவில்லை.
அந்த இடைவெளியில் ஒருவன்
தன் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டான்.