முன்விரல்

கெப்லவீக், கிழக்கு வேலி.
காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கிறது.
பதினொன்றேகாலுக்குத்தான் விடிந்தது,
மூன்றரைக்கு இருட்டிவிடும்.
இடையில் கிடைக்கும் வெளிச்சத்துக்காக
ஸ்டெய்னுனும் நானும்
மீன் ஆலையில் அரைநாள் விடுப்பு சொல்லியிருக்கிறோம்.

கரும்பாறை வெளிக்கு மேலே ஒரு விளக்கு.
அசையவில்லை.
அசையாதது நம்மை நோக்கித்தான் வருகிறது.

"ஏழு ஐந்து ஏழு" என்கிறாள்
கிளெய்னாவைக் கடித்த வாயோடு.
"ஏழு ஆறு ஏழு" என்கிறேன்.
தோற்றவள் பெட்ரோல் போட வேண்டும்.

வாலில் வரைந்திருப்பதை நாங்கள் பார்ப்பதில்லை.
சாயம் குத்தகைக்காரனுடையது.
கோடையில் நீலமாக வந்தது
இப்போது மொட்டை வெள்ளையில் வருகிறது.
எலும்பைப் பார்க்க வேண்டும்.
ஏழு மூன்று ஏழுக்குச் சக்கரத்தை மூடக் கதவு போதாது,
வயிற்றில் இரண்டு கரும்பொட்டு;
என்ஜின் வாயும் அடியில் சப்பை.
முந்நூற்றைம்பது கண்ணைச் சுற்றி மை அப்பியிருக்கும்.
ஏழு ஏழு ஏழின் வால்நுனி
உளியால் சீவிவிட்ட மாதிரி.

இந்த இரண்டோடுதான் வழக்கு.
ஒரே வீட்டுப் பிள்ளைகள்.
ஒன்று ஒல்லி, நெட்டைக்கால்; மற்றது சற்றே பூசினாற்போல.
நேரெதிரே வருகையில்
ஒல்லியாவது பருமனாவது.
பக்கவாட்டில் கடக்கும் அந்த நான்கு நொடிக்குக்
காத்திருக்க வேண்டும்.
ஏழு ஐந்து ஏழு குதிகாலைத் தொங்கவிட்டு இறங்கும்,
கடன் கேட்க வருகிறவனின் மிடுக்கு.
ஏழு ஆறு ஏழு முன்விரலைத் தாழ்த்தும்,
பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு
உறங்கும் வீட்டுக்குள் நுழைகிறவன்.

ஒன்று. இரண்டு.
விரல் தாழ்ந்திருந்தது.

பணப்பையை எடுத்த ஸ்டெய்னுனின் கை
மடியிலேயே நின்றுவிட்டது.
"ஆர்ன்கிரிமுர் இப்படித்தான் வருவான்."
மூன்று வருடமாக அந்தப் பெயர்
இந்தக் காரில் ஏறியதில்லை.
"நான் ஒருநாளும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை, தெரியுமா?"

டயர்கள் புகைந்து, புகை காற்றில் கிழிந்தது.
நான் பதிவெண்ணை எழுதினேன்,
கடைசி எழுத்து சரியாகத் தெரியவில்லை.

போன மாதம் அக்குரேரியில் பார்த்தாளாம்.
தாடியை எடுத்துவிட்டான்.
யாரோ வாங்கிக்கொடுத்த பச்சைக் கோட்டு,
நூறு கஜத்துக்கு அப்பால், முதுகு மட்டும்.
"நடந்தான்" என்றாள்.
"அவ்வளவுதான். நடந்தான்."

வைப்பர் ஒருமுறை போய் வந்தது.
மீதிக் கிளெய்னாவைக் காகிதத்தோடு நீட்டினேன்,
வேண்டாம் என்றாள்.
பிறகு வாங்கிக்கொண்டாள்.

வடக்கே இன்னொரு விளக்கு, கொஞ்சம் அகலமாக.
"நாலு என்ஜின்."
"இப்போதெல்லாம் யாரிடம் நாலு இருக்கிறது?"
"சரக்காக இருக்கும்" என்றாள்
கண்ணாடியைத் துடைத்தபடி.
"பெட்ரோல் பந்தயம்?"