மூன்றும் நான்கும்

மூன்று என்றிருந்தால் திறந்திருக்கும்.
நான்கு என்று மாற்றினால் மூடிக்கொள்ளும்.
அவ்வளவுதான் என் வேலை.
பாயான் லெப்பாஸில், இரண்டாம் மாடியில்,
ஒரு வெள்ளிக்கிழமை மதியம்
நாசி கண்டார் பொட்டலத்தைப் பிரிக்குமுன்
ஒற்றை இலக்கத்தை மாற்றி
இருநூற்றுப் பன்னிரண்டு கணினிகளின்
வாயை அடைத்தேன்.

எனக்கு முன்னால் இருந்த கமலநாதன்
துளைகளில் பசை ஊற்றிவிட்டுப் போனவர்.
சில கணினிகளில் அது இன்னும்
காய்ந்த பலாப்பால் மாதிரி மஞ்சளாகத் தெரியும்.
அந்த முரட்டுத்தனம் எனக்கு வேண்டியதில்லை.

கீழ்த்தளத்தில் இரவும் பகலும்
நினைவுச் சில்லுகள்தாம் செய்கிறார்கள்,
கோடிக்கணக்கில்.
நகக்கண்ணில் ஒரு நூலகம் என்று விளம்பரம்.
மேல்தளத்தில் ஒரு பென்டிரைவைச் செருக
மூன்று பேர் கையெழுத்து வேண்டும்.

என் மேசை இழுப்பறையில் பறிமுதலானவை:
டுரியான் வடிவில் ஒன்று,
கணக்குப் பிரிவு யோகமலருடையது ஒன்று
(மகளின் அரங்கேற்றம் என்று வெள்ளை மையில் எழுதியிருக்கும்),
மூடி தொலைந்தவை நான்கு.
எதையும் நான் திறந்து பார்த்ததில்லை.
டுரியானை மட்டும் பார்த்தேன்.
காலி.

பதிவேடு எதையும் மறப்பதில்லை.
எது, எந்தத் துளையில், எப்போது நுழைந்தது,
எப்போது சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கப்பட்டது.
அதில்தான் பார்த்தேன்:
ஏழாம் எண் கணினி,
விடியற்காலை மூன்று பத்து,
பெயர் தெரியாத ஒரு சாதனம், நாற்பது நிமிடம்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
சேமிப்பான் இல்லை அது,
என் நான்குக்கு அடங்கவில்லை.

திருட்டு என்றே நினைத்தேன்.
வியாழன் இரவு வீட்டுக்குப் போகாமல்
விளக்கணைத்து உட்கார்ந்திருந்தேன்.
வெளியே மழை, பாலத்தைக் காணோம்.
மூன்று ஒன்பதுக்குச் சாவிக்கொத்துச் சத்தம்.

காவலாளி கேசர் தாப்பா.
மேசைக்கடியில் குனிந்தார்,
பசையில்லாத துளையை விரலால் தடவிக் கண்டுபிடித்தார்,
திரை விரிசல் விட்ட கைப்பேசியைச் செருகினார்.
கேள்வி ஒன்று ஒளிர்ந்தது:
இந்தக் கணினியை நம்புகிறீர்களா?

இல்லை என்று அழுத்தினார்.

மின்சாரம் போதும் அவருக்கு.
நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார்.
"செகெஜாப் சாஜா, புவான்."
கொஞ்ச நேரம்தானாம்.
காவலறையில் இருப்பது ஒரே பிளக்,
அதில் கண்காணிப்புக் கேமரா ஓடுகிறதாம்.

காலையில் படிவத்தைத் திறந்தேன்.
சாதனத்தின் வகை என்ற கட்டத்தில்
கர்சர் வெகுநேரம் கண்சிமிட்டியது.
மேசை விசிறி என்று அடித்தேன்.

புவான் ரொஹாயா படித்தார்.
விடியற்காலை மூன்று மணிக்கா,
இந்தக் குளிரிலா என்றார்.
ஆமாம் புவான்.
என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார்,
காசநோய் மருத்துவர் படம் பார்ப்பதுபோல்.
கையெழுத்துப் போட்டார்.

எப்படித்தான் பரவியதோ தெரியவில்லை.
இப்போது அனுமதிப் பட்டியலில்
பத்தொன்பது விசிறிகள்.
நாங்கள் எல்லோரும்
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
வேலை பார்க்கிறோம்.