திறை நிறுப்பவன்

ஒரு தட்டில் கல். மறு தட்டில் வெள்ளி.
பெருமூச்சு விட்டால் துலாக்கோல் சாய்ந்துவிடும்.
ஆகவே பதினெட்டு வருஷமாய்
அரை மூச்சில் வாழ்கிறேன், எருசலேமில்,
அரண்மனையின் பின்கட்டில்,
தோப்ஷிலேமின் மகன் இக்தலியா,
யூதாவின் திறை நிறுப்பவன்.

வடக்கே பாபிலோன். தெற்கே எகிப்து.
நாங்கள் அவர்கள் நடந்துபோகும் வழி.
வழியில் வீடு கட்டியவனுக்கு
வாசல்கதவு எதற்கு என்பார் என் மாமனார்.
அவர் வீட்டுக் கதவு நல்ல கேதுரு.

பின்மாரி ஓய்ந்த வாரத்தில்
எகிப்தின் தூதன் வந்தான், பாதிஏசே,
கண்ணோரம் மை தீட்டியவன்.
இரண்டாயிரம் குதிரை என்றான்.
வாயாலேயே லாயம் கட்டினான்.
இளம் தளபதிகள் எழுந்து நின்றார்கள்,
தாடி இன்னும் படியாதவர்கள்.
கப்பத்தை நிறுத்துவோம் என்றார்கள்.
நிறுத்துவது எவ்வளவு எளிதென்று
நிறுப்பவனுக்குத் தெரியும்:
கையை எடுத்தால் போதும்,
தட்டு தானே விழும்.

ராஜா கடிதம் எழுதவைத்தார்.
களிமண் உருண்டையில் முத்திரை அழுந்தியது.
விடியலில் தூதனிடம் சேர்க்கும்படி
என் கையில் வந்தது.
என்னை யாரும் சந்தேகிப்பதில்லை.
என்னை யாரும் பார்ப்பதேயில்லை.

அன்றிரவு ஒரு தண்ணீர்ச் சாடியில்
நாணற்தாளை இறக்கினேன்.
மிதந்தது. விரலால் அழுத்தினேன்.
பருப்புக் கஞ்சி ஒன்று வேகும் நேரத்தில்
எழுத்தெல்லாம் இறங்கித்
தண்ணீர் கொஞ்சம் சாம்பல் நிறமானது.
காலையில் கழுதை அதைக் குடித்தது.
ஒரு யுத்தத்தை முழுசாகக் குடித்துவிட்டுக்
காதை ஆட்டியது.

அறுப்புக்குப் பிறகு பாபிலோனின் ஆள் வந்தான்.
நபூசேசிப், தன் கல்லைத் தானே சுமந்து வருபவன்.
எங்கள் கல்லைவிடக் கனம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அந்த வித்தியாசம்தான் நாடு.

நாற்பது சேக்கல் குறைந்தது.
ஆலயத்துத் திரிக்கத்தரிகளை
ஓர் ஆசாரியர் துணியில் சுற்றிக்
காய்ச்சல் கண்ட பிள்ளையைப்போல் தூக்கிவந்தார்.
இன்னும் ஆறு குறைந்தது.
என் மகள் நோகா காதிலிருந்து கழற்றித்
தட்டில் வீசினாள்.
கோல் நேரானது.
அவள் என்னோடு பேசுவது நின்றது.
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள்.
தலைப்பாகை யாருடையதென்று
யாரும் கேட்பதில்லை.

கர்த்தரை மட்டும்
எந்தத் தட்டிலும் ஏற்றச் சொல்லவில்லை அவர்கள்.
அது போதும் என்று நினைத்தேன்.
இப்போதும் நினைக்கிறேன், பெரும்பாலும்.

மதில் நின்றது.
அத்திமரங்கள் கோடரி பார்க்கவில்லை.
நாற்பது அறுப்பு. பிறகு இன்னொரு நாற்பது.
பாபிலோன் கிழடாகி
யாரோ ஒருவனிடம் சாவியைக் கொடுத்தது.
எங்கள் பேரன்கள் புது எஜமானின் கல்லை
உள்ளங்கையில் வாங்கி எடை பார்த்தார்கள்.
தெருப்பிள்ளைகள் என்னைக் கூனன் என்றார்கள்.
கூப்பிட, தெருவில்
பிள்ளைகள் இருந்தார்கள்.

*

இல்லை. கழுதை குடிக்கவில்லை.
இக்தலியா என்று ஒருவன் இல்லை.
எகிப்தை நம்பினார்கள்.
உதவிப்படை கொஞ்ச தூரம் வந்து திரும்பியது.
பிறகு முற்றுகை. பிறகு பசி;
அதற்குள் என் பேனா போக மறுக்கிறது.
பிறகு நெருப்பு.

அந்த நெருப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.
ஆவணக் கிடங்கில் தாள்கள் எரிந்தன.
தாள்களைக் கட்டியிருந்த களிமண் முத்திரைகள்
சூளையில் வைத்ததுபோல் சுட்டு இறுகின.
இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் கழித்து
சாம்பல் அடுக்கில் கைவிட்டு எடுக்கிறார்கள்:
இன்னாரின் மகன் இன்னார்.
இன்னாரின் மகன் இன்னார்.

நான் புனைந்த எருசலேம் எரியவில்லை.
அங்கே பச்சைமண் முத்திரை
ஒரு மழைக்குக் கரைந்துபோனது.
இக்தலியா என்ற எழுத்து
எந்த மண்ணிலும் இல்லை.

பெயர் போனாலும் பரவாயில்லையா என்று
அவனிடமே கேட்டேன்.
பேசாதே என்று கையைக் காட்டினான்.
கோல் ஆடிக்கொண்டிருந்தது.