நான்கு வாய்கள்

ரைலியின் கடையில் சுவர் முழுக்கக் குழாய்கள்.
கலெர்வோ உள்ளே நுழையும்போதே முடிவு செய்திருந்தான்:
நாலும் ஒன்றுபோல.
லிஃப்ட் பழுதுபார்க்கிறவன் அவன்.
ஒரே திருப்புளி, ஒரே வளையம், உதிரிக்கு ஒரே டப்பா,
இருட்டிலும் கை தேட வேண்டாம் என்பான்.

நான் பல் செட் செய்கிறவள்.
இருபத்தோரு வருடத்தில்
ஒரு வாய்க்குச் செய்தது இன்னொரு வாய்க்குப்
பொருந்திப் பார்த்ததில்லை.
சொன்னேன்.
"இது கடிக்க இல்லை, மூச்சுவிட."
"கடிக்காமல் எப்படி விடுவாய்?"

ரைலி விற்பவள் மாதிரியே பேசவில்லை.
"ஒரே மாதிரி என்றால் ஒரு தடவை பழகினால் போதும்.
பழுதும் ஒரே மாதிரிதான் வரும்,
அதையும் சொல்லிவிடுகிறேன்."

ஓட்சோவுக்குப் பதினான்கு வயது, பல்லில் கம்பி.
நீல நிறமாக இருந்தால் போதும் அவனுக்கு.
நீலம் இல்லை.

சைமி கடைக்குள் வரவே இல்லை.
கோடையில் ஸ்ட்ராபெர்ரி விற்ற காசில்
தாம்பெரேயில் ஒரு தீயணைப்புக்காரரிடம்
ஏற்கெனவே வாங்கிவிட்டாள்: பழையது, கனமானது,
ஆளுயரத்தை மிஞ்சும் ஒரு குழாய்,
கழுத்தில் ரப்பர் நாணில் தொங்கும் இன்னொன்று.
"மூச்சுக்கு முந்நூறு தரம் குடும்பம் என்கிறாய், அப்பா.
உன் பட்டியலில் நான் நாலாவது உருப்படி இல்லை."

"பதறுகிற கை மஞ்சளைத் தேடும்," என்றான் அவன்.
"உன் நெஞ்சில் மஞ்சள் இல்லையே."
"தேட வேண்டாம். நானே கொடுப்பேன்."
"எதை?"
"என் வாயில் இருப்பதை."
சூப் ஆறிப்போனது.
மூன்று வாங்கினோம்.

மே மாதம், லோஹ்யா.
தண்ணீர் நிரம்பிய பழைய சுண்ணாம்புச் சுரங்கம்.
மேலே ஒன்பது டிகிரி, பதினெட்டு மீட்டரில் நாலு.
விளக்கொளியில் எங்கும் போகாத ஒரு தண்டவாளம்.
அங்கேதான் என்னுடையது
முதலில் சீறியது,
பிறகு பொங்கும் பாலாக நிற்காமல் வழிந்தது.
உள்ளே எங்கோ ஒரு மிளகளவு பனி
கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

கலெர்வோ பழக்கிய என் கை
சரியாகத்தான் போனது,
பக்கத்தில் இருந்த நெஞ்சுக்கு, மஞ்சளைத் தேடி.
அது சைமியின் நெஞ்சு.
வெறும் உடை. ஒரு பொத்தான். மறுபடி வெறும் உடை.

அதற்குள் என் உதட்டில் ஏதோ இடித்தது.
கடித்தேன்.

மேல் வரிசையில், இடப்பக்கம், இரண்டாவது பல்லுக்கான இடத்தில்
ரப்பர் ஒருபக்கமாக நசுங்கியிருந்தது.
நாக்குக்கு உடனே தெரிந்தது.
பன்னிரண்டு வயதில், கம்பி போதும் என்று
மூன்று நாள் அழுதாள்.
இந்தத் தொழிலில் இருந்துகொண்டு விடலாமா என்று
வேலையிடத்தில் கேட்டார்கள்.
விட்டுவிட்டேன்.
திரும்பியே நின்றுவிட்ட அந்தப் பல்லின் பள்ளத்தில்
என் பல்லை வைத்துக்கொண்டு
மெதுவாக, மிக மெதுவாக ஏறிவந்தேன்.
கலெர்வோ என் சிலிண்டரை மூடிவிட்டு
ஓட்சோவின் கையைப் பிடித்தபடி பின்னால் வந்தான்.

கரையில் அவன்தான் முதலில் பேசினான்:
"நன்றாகக் கொடுத்தாய்."
கொஞ்சம் கழித்து,
"ஆனாலும் அம்மாவின் கை மஞ்சளுக்குத்தான் போனது."
"ஆமாம்," என்றாள் சைமி. "மூன்று நொடி."
எண்ணியிருக்கிறாள்.
இரண்டு பேரும் சொன்னது சரிதான்.
தெர்மாஸில் காப்பி ஒரு கோப்பைக்குத்தான் இருந்தது,
அதை ஓட்சோ குடித்துவிட்டான்.

இரவில் குளியல் தொட்டியில் நாலையும் ஊறவைத்தோம்.
காலையில், உறைந்தது எது என்று
யாருக்கும் தெரியவில்லை.
வரிசை எண்களைக் கலெர்வோ குறித்திருந்தான்,
எது யாருடையது என்று குறிக்கவில்லை.
என் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து பார்த்தேன்.
புது ரப்பர். இன்னும் யாருடைய பல்லும்
அதில் பதியவில்லை.

மூன்றையும் பெட்டியில் போட்டு
ரைலிக்கு அனுப்பினோம்.
சௌனா கதவின் ஆணியில் சைமியுடையது மட்டும்
சொட்டிக்கொண்டிருக்கிறது.
அதைக் கடன் கேட்க வேண்டும்,
கலெர்வோதான் கேட்க வேண்டும்.
சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.