நாற்பதாம் அலை

கிளாக்ஸ்விக் ஊரில், இரவு பத்துக்கு,
சால்மன் ஆலையின் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு
சுன்வா ஒரு கோட்டைக்குக் காவல் போகிறாள்.
அவள் பங்கு கிழக்கு வாசல்.
மேற்கு வாசல் பார்தூருடையது.
அவன் பேரன்ட்ஸ் கடலில், மீன்பிடிக் கப்பலின் கீழ்த்தட்டில்
மடிக்கணினியை வயிற்றில் சாய்த்துக் கிடக்கிறான்.

முதல் அலையில் ஐந்து வண்டுகள்.
மூன்று வருடமாக அதே ஐந்து வண்டுகள்
அதே வளைவில் திரும்பி
அதே அம்புக் கோபுரத்தடியில் சாகின்றன.
பதினேழில் கவசம் போட்டவை.
முப்பத்தொன்றில் வௌவால்கள்.
நாற்பதில் அந்தக் கல்லுடம்புக்காரன்,
வாசலை ஒரே உதை, அத்தோடு சரி.

"சலிக்கவில்லையா அக்கா?" என்கிறான் தம்பி ரோய்.
பக்கத்து அறையில் அவனுக்குத் தனிச் சண்டை:
மனிதனுக்கு எதிரே மனிதன், ஏழு நிமிடம்.
"உன் எதிரிக்கு மூளையே கிடையாது,
கால அட்டவணை பார்த்து வரும் பேருந்து.
என் எதிரி ஒவ்வொருவனும் புதுசு.
நேற்று மான்டேவிடியோக்காரன் ஒருவன்
நான் கேட்டே இராத ஒரு பொய்யால் என்னைக் கவிழ்த்தான்.
ஆயிரம் ஆட்டம் ஆடினாலும் இது தீராது."

நியாயம்தான்.
மனிதனின் சூது தீராது.
நம் பழைய கணக்கில் அவனுடையது தும்பை,
களம் குறித்து எதிரெதிர் நிற்பது.
இவளுடையது நொச்சி, மதில் காப்பது.
நொச்சி எங்கே பூக்கும் அங்கே?
காற்று மரங்களை நிற்க விடாத தீவு.
தலையில் சூடுவதென்றால் புல்லைத்தான் சூட வேண்டும்.

ஆனால் ரோய் சொல்லாத ஒன்று உண்டு.
தோற்ற இரவுகளில் அந்த ஏழு நிமிடத்தை
விடியும்வரை விட்டத்தில் ஓட்டிப் பார்க்கிறான்.
அவனுடைய மறு ஆட்டம் அங்கேதான் நடக்கிறது,
எதிராளி தூங்கப் போன பிறகு.

கப்பல் சாயும்போது செயற்கைக்கோள் கைவிடும்.
பார்தூரின் ஆள் பாதி ஏணியில் உறைந்து நிற்பான்.
ரோயின் ஆட்டத்தில் இதற்குப் பெயர் தோல்வி.
இங்கே, சுன்வா ஓடுகிறாள்.
கிழக்கை இருக்கிற காசில் அடைத்துவிட்டு
மேற்கில் அவன் எப்போதும் மறக்கும் இடது மூலையில்
ஒரு பனிக் கோபுரம் வைக்கிறாள்.
அரை நிமிடம் கழித்து அவன் உயிர்த்து
"எங்கே விட்டோம்?" என்று தட்டுகிறான்.
"எங்கேயும் விடவில்லை."

போன பிப்ரவரியில் புயலுக்குக் கப்பல் கரையில் கட்டிக் கிடந்தது.
ரோய் உசுப்பிவிட்டான்.
இருவரும் ஒரே ஒரு முறை எதிரெதிரே ஆடினார்கள்.
சமையலறை மேசை, நடுவில் காபிக் குடுவை.
அவள் யோசிக்கவே இல்லை,
படை முழுவதையும் இடது மூலைக்கு அனுப்பினாள்.
மூன்று வருடம் அவள் அடைத்துவந்த ஓட்டை அது.
நான்கே நிமிடம்.
ரோய் மேசையைத் தட்டிச் சிரித்தான்.
பார்தூரும் சிரித்தான், சற்றுத் தாமதமாக,
இணைப்பு அறுந்து ஒட்டியதுபோல.
"உனக்குத் தெரியும்" என்றான்.
"தெரியும்."
ஆறிப்போன காபியை யாரோ தொட்டியில் கொட்டினார்கள்.

பிறகு பதினோரு நாள் கோட்டையில் ஆள் இல்லை.
வண்டுகளும் இல்லை;
காக்க யாராவது வந்தால்தான் அவையும் வரும்.

பன்னிரண்டாம் நாள் கடலிலிருந்து ஓர் அழைப்பு.
அவள் நுழைந்தபோது
மேற்கு வாசலின் இடது மூலையில்
அவன் தன் காசு முழுவதையும் கொட்டி
ஒரு பனிக் கோபுரம் கட்டியிருந்தான்.

முட்டாள்தனம். தொடக்கத்தில் அம்புதான் வேண்டும்.
பனி எதையும் கொல்லாது, நடையைத்தான் குறைக்கும்.
ஐந்து வண்டுகளும் மிக மெதுவாக, மிக மெதுவாக
வளைவில் திரும்பி
திறந்த வீட்டுக்குள் போவதுபோல் உள்ளே போயின.

முதல் அலையிலேயே கோட்டை விழுந்தது,
மூன்று வருடத்தில் முதன்முறை.
சுன்வா சிரித்த சிரிப்பில் ஹெட்போன் கழன்றது.
அதற்குள் எஞ்சின் இரைச்சலும் இன்னொரு சிரிப்பும்.

"ஜெயித்தாயா?" என்றான் ரோய் சுவருக்கு அப்பாலிருந்து.
"இல்லை, இல்லை. கதவைச் சாத்து.
மறுபடியும் போடுகிறோம்."