இருபத்தாறாம் எண் பூட்ஸ்

கொஸ்தனாய் நகரத்தில்
இது ஐம்பத்திரண்டாவது காலை.
நான்காம் மாடி. சமையலறைச் சன்னலின்
இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே
போன வருஷத்து ஈ ஒன்று மல்லாந்து கிடக்கிறது.
கிளாவ்தியா அதற்கும் சேர்த்துத்தான்
வாடகை வாங்குகிறாள் என்று
ஆன்ஷோ சிரிப்பான், இங்கே இருந்தவரை.
விடுப்பு தீர்ந்து போய்விட்டான்.
இப்போது விகோ துறைமுகத்தில்
உறைந்த மீன் பெட்டிகளை எண்ணுகிறான்.
நான் நாட்களை எண்ணுவதில்லை என்று
அவனிடம் பொய் சொல்கிறேன்.

பத்திலிருந்து பன்னிரண்டு வரை சந்திப்பு.
இல்லத்தின் இசை அறை,
பூட்டிய பியானோ,
கதவருகே ஒரு பணியாள்:
கை பின்னலில், கண் எங்கள்மேல்.
தெமிருக்கு மூன்று வயது.
என் கைப்பையின் ஜிப்பைத் திறப்பான், மூடுவான்,
திறப்பான், மூடுவான்.
உள்ளே என்ன இருக்கிறதென்று
ஒரு தடவையும் பார்த்ததில்லை.
உல்பானுக்கு ஐந்து.
முதல் நாளே என்னை அம்மா என்றாள்.
கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.
முகம் கழுவித் திரும்பினால்
மொழிபெயர்க்க வந்த ஸரேமாவை
அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.
மறுநாள் ஊசி போட வந்த டாக்டரை.
அதற்கடுத்த நாள்
விளக்கு மாற்ற ஏணியில் ஏறி நின்றவளை.

அந்த வார்த்தையை
கணக்கில் சேர்ப்பதை நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரியில்
விசாரணை தள்ளிப்போன நோட்டீஸின் பின்பக்கம்
அவள் பாதத்தை வைத்து
பென்சிலால் சுற்றி வரைந்தேன்.
அந்தக் காகிதத்தைச் சந்தையில்
குல்பர்ஷின் விரலால் அளந்தாள்.
இருபத்தைந்து, என்றாள்.
சிவப்பு, உள்ளே கம்பளி.
யாருக்கு என்று கேட்கவில்லை.
காகிதத்தைத் திருப்பி முத்திரையைப் பார்த்தவள்
தானாகவே விலையைக் குறைத்தாள்.

பிறகு நீதிபதிக்குக் காய்ச்சல்.
பிறகு ஒரு கையெழுத்து தப்பான கட்டத்தில்.
பிறகு நௌரூஸ். ஊர் முழுக்க விடுமுறை.
கீழ்வீட்டுக்காரர்கள்
ஏழு பொருள் போட்ட புளித்த கஞ்சியை
ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.
நின்றுகொண்டே குடித்தேன்.
கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதா?
இரண்டு ஆரஞ்சு வைத்துக் கொடுத்தேன்.

இரவில் கோப்பை எடுத்துப் படிப்பேன்.
தாய்: பெயர் இருக்கிறது. கையெழுத்து இருக்கிறது.
முகவரி இல்லை.
அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறேன்.
உல்பான் ஒரு நாள் கேட்பாள்.
அன்று அதை நான்
தப்பாக உச்சரிக்கக் கூடாது.

பூட்ஸை அவளிடம் கொண்டுபோனது ஏப்ரலில்.
நுழையவில்லை.
வளர்ந்துவிட்டாள், என்றாள் ஸரேமா.
மறுபடி வரைந்தோம்.
இந்தத் தடவை பாதத்தை அப்படியே அழுத்தி வைத்தாள்,
ஐந்து விரலும் விரித்து.
இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன்.
குதிகால் அதே குதிகால்.
அன்றைக்கு அவள்
விரல்களை மடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

குல்பர்ஷின் மாற்றிக் கொடுத்தாள், இருபத்தாறு.
பனி இனி எங்கே, என்று
தெருச் சேற்றைக் காட்டினாள்.
ஆனாலும் மாற்றிக் கொடுத்தாள்.

இன்று காலை போட்டுவிட்டேன்.
எழுந்தாள். நடந்தாள். நின்றாள்.
எல்லோருக்கும் தலையாட்டுகிற பிள்ளை,
கஞ்சிக்கு, ஊசிக்கு, தூக்கத்துக்கு,
தலைமுடியைக் கத்தரிக்க வருகிற கைக்கு,
என்னைப் பார்த்து
'நியெத்' என்றாள்.
உட்கார்ந்து ஒன்றைக் கழற்றி எறிந்தாள்.
பின்னுகிறவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.
நான் கையைக் காட்டி அவளை நிறுத்தினேன்.
தெமிர் ஜிப்பை விட்டுவிட்டு
அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

நாளை மறுநாள் நீதிமன்றம்.
குழந்தைகளுக்கும் உங்களுக்கும்
பிணைப்பு உண்டானதா என்று கேட்பார்களாம்.
பதிலைச் சுருக்கமாக வைத்துக்கொள், என்கிறாள் ஸரேமா.

ஆன்ஷோவிடம் போனில் சொன்னேன்.
அவன் பக்கம் கிரேன் இரைச்சல்.
எறிந்தாளா?
எறிந்தாள்.
உன்மேலா?
இல்லை, பக்கத்தில்.
எவ்வளவு தூரம் போயிற்று?

பியானோ வரைக்கும்.