ஏழாம் யூனிட்

நான் குடியிருப்பது சாட்ஸ்வர்த் ஏழாம் யூனிட்.
மீட்டரில் மிச்சம் நாலு யூனிட்.
இரண்டுக்கும் ஒரே பேர் வைத்தவன்
கெட்டிக்காரன், அல்லது சோம்பேறி.

நாலு யூனிட்டில்
நூற்றுப் பத்து சட்டை முடிக்கலாம்,
இல்லையென்றால் சோறும் பருப்பும் ஆக்கலாம்.
இன்று சட்டை.

தைக்கிறேன் என்பதே கொஞ்சம் மிகை.
கழுத்துப்பட்டைக்கு உள்ளே
நகமளவு துணி: சீனாவில் தயாரானது.
நாலு பக்கமும் நூலை அறுத்து அதை எடுத்துவிட்டு
பழைய ஊசித்துளை தெரியாதபடி
வேறொன்றை வைக்கிறேன்:
தென்னாப்பிரிக்காவில் தயாரானது.
சட்டைக்கு நாற்பது சென்ட்.
பெட்டிகளை வேனில் இறக்குபவன் பிரகாசன் படையாச்சி,
ஆலையில் எங்கள் சூப்பர்வைசர்.
இப்போது அவனும் மாமிசக் கடைக்குக் கடன்.

ஜேக்கப்ஸில் ஆலை ஓடியபோது
பட்டை என் மேசை,
கை வைப்பது ந்தொம்பென்லே,
பொத்தான் லோகம்பாள்.
வரியைக் குறைக்கப் போகிறார்களாம் என்றார்கள்.
வரி குறைந்தால் நல்லதுதானே என்றேன்.
நமக்கில்லை அக்கா, கப்பலுக்கு
என்றாள் லோகம்பாள், வாயில் நூலோடு.

வோட்டுப் போட வெயிலில் நின்றோம்,
நானும் ந்தொம்பென்லேயும் ஒரே குடையில்.
அடுத்த வரிசை
கடைசிச் சம்பளக் கவருக்கு.
அன்று மழை. குடை அவளிடம் இருந்தது,
அவள் பஸ்ஸுக்குக் காசில்லாமல் வரவில்லை.
பாதிச் சம்பளம் கையில்,
மீதிக்கு இந்த மெஷின்.
கரண்டைக் குடிக்கிற மெஷின்.

பொய் சொல்லக் கூடாது,
சட்டை மலிந்தது.
மகனுக்கு ஒரே நாளில் மூன்று எடுத்தேன்.
அதற்கு முன் ஒன்றையே ராத்திரி துவைத்து
அடுப்பு மேல் காய வைத்தவள் நான்.
மூன்றிலும் பட்டையைத் திருப்பிப் பார்த்தேன்,
பில் போடுகிற பெண் முறைக்கும்வரை.

பெட்டியைத் திறந்தால்
முதலில் வருவது சாயங்காலம்.
அடியில்தான் காலை,
அரிசியை எண்ணி வைத்த மாதிரி தையல்.
மேலே இருப்பதில் தையல் நீண்டு
ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.
அது கை செய்வதில்லை,
நாலரைக்குப் பிறகு தோள்பட்டை செய்கிற வேலை.
அவள் ஊர் எனக்குத் தெரியாது.
அவளுக்கு எந்தத் தோள் வலிக்கிறதென்று தெரியும்.

இன்று ஒன்றில் பட்டை முனை திறந்தே கிடந்தது.
பிரகாசன் பார்த்தால் ஒதுக்குவான்,
அங்கே அவளுக்கு என்ன கழிப்பார்களோ.
மூடினேன். பதினோரு தையல்,
யார் கணக்கிலும் இல்லாத பதினோரு தையல்.

மீட்டர் கத்தத் தொடங்கியபோது
தொண்ணூற்றிரண்டாவது சட்டை.
பிறகு அதுவும் நின்றது, விளக்கும்.
பருப்பு தண்ணீரில் ஊறிக் கிடக்கிறது.
மகன் வரும்போது ஐம்பது ராண்டுக்குக்
கரண்டு வாங்கி வருவான், இருந்தால்.

அதுவரை
இருட்டில் தடவி
அடுத்த சட்டையை எடுக்கிறேன்.
பிரிப்பதற்கு வெளிச்சம் தேவையில்லை.